மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகையை நம்பி 48,000 ரூபாய் போயிற்று: கோவைப் பெற்றோர் கவனத்திற்கு

கோவை வடவள்ளிப் பக்கம், குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் சிறிய தனியார் மழலையர் பள்ளி அது. பொருள்களைக் கையாண்டு குழந்தை தன் வேகத்தில் தானே கற்கும் மாண்டிசோரி முறையில் நடத்துவதாகச் சொன்னார்கள். பெயரை எழுதவில்லை. மூன்று வயது மகளுக்காக, ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் 48,000 ரூபாய் அங்கே கட்டினோம். ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

சேர்க்கைக்குப் போன அன்று தாளாளர் அம்மையார் தரையில் பாய் விரித்து, இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற மாண்டிசோரிக் கருவியின் பத்துக் கட்டைகளையும் மகளின் முன் வைத்து, அவள் பெரியதன்மேல் சிறியதை அடுக்கி முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். விரல்நுனி அளவே உள்ள கடைசிக் கட்டையை அவள் வைத்தபோதுதான் எங்களுக்கு முழு நம்பிக்கை வந்தது. "புள்ளைங்கள நாங்க அவசரப்படுத்தறதே இல்லீங்க, ரெண்டரை வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் ஒண்ணாத்தான் இருப்பாங்க" என்றார். 1907இல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த வரலாறு சுவரில் படத்துடன் இருந்தது. கணவர் அங்கேயே கைபேசியில் பணத்தை அனுப்பினார்.

வகுப்பு தொடங்கியபின் அந்தக் கட்டைகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டுவிட்டன. விரலால் தடவி எழுத்தைப் பழகுவதற்கான உப்புத்தாள் எழுத்து அட்டைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்து, நாற்காலியில் அசையாமல் உட்காரவைத்து, தொலைக்காட்சியில் ஆங்கிலப் பாட்டு ஓடவிட்டார்கள். விரல் வலுப்பெறாத பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து வேலை கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் என்று அறிமுகப்படுத்திய ஆசிரியையைப் பிறகு பார்க்கவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கணக்குப் பார்க்கும் மேடம் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்து, "ஆடி போகட்டுமுங்க, பேசிக்கலாம்" என்றார்கள். ஆவணியில் தொலைபேசியையே எடுக்கவில்லை. நேரில் போய் நின்றபோது தாளாளர் எங்கள் ரசீதையே வாங்கி, அதில் பொடி எழுத்தில் 'நன்கொடை' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி, "நன்கொடையை எப்படிங்க திருப்பித் தர்றது?" என்று கேட்டார். 48,000 ரூபாயைக் கல்விக் கட்டணம் என்று வாய்நிறையச் சொல்லி வாங்கியவர் அவரேதான்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு அவசரமாகச் சில: மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், ஆகவே ஆசிரியையின் பயிற்சிச் சான்றிதழைக் கேளுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். அரசு அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் 'கல்விக் கட்டணம்' என்று இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.