திங்கட்கிழமை அரண்மனை அடைப்பு

திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தின் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் எங்கள் பயணத்தின் முதல் அரைநாள் பிழைத்திருக்கும். மூன்று பேருமே அந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள். நான் தக்கலைக்கு இரண்டு கல் தொலைவில் வளர்ந்தவன்; பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக நடத்திக் கூட்டிச் சென்று காட்டிய அரண்மனை அது. பத்தொன்பது ஆண்டுச் சிங்கப்பூர் வாழ்க்கையில் எங்கே போனாலும் திறக்கும் நேரம் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பெருமை வேறு பேசியிருந்தேன். பூட்டிய கதவின் முன் எங்களைப் பார்த்த ஒரு பெரியவர், “வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு வருவார்கள். ஊர்க்காரர்கள்தான் திங்கட்கிழமை வந்து நிற்பார்கள்” என்றார்.

உடன் வந்தவர்களில் ஒருவன் நாகர்கோவிலில் வங்கிக் காசாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். மற்றவன் திருவனந்தபுரத்தில் பள்ளி ஆசிரியன். வீட்டில் மலையாளம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். இரண்டு நாள், பழைய திருவிதாங்கூரின் சிறு ஊர்கள், எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை வரை. இதுதான் திட்டம். வாடகைக்கு ஒரு கார் பேசினோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு, ‘கேரள வரி’ இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது. வங்கிக்காரன் மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றான். அந்தக் கேரள வரியை மட்டும் மறந்துவிட வேண்டாம், பின்னால் வருகிறது.

அரண்மனை அடைத்திருந்ததால் வண்டி புலியூர்க்குறிச்சிக்குத் திரும்பியது. உதயகிரிக் கோட்டை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. சிறு வயதில் பஸ்ஸிலிருந்து மதிலை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது தமிழ்நாடு வனத்துறை உள்ளே பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்து மரநிழலில் நடந்தால், கூரை போன ஒரு சிறிய தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி. பிடித்தவரிடமே வேலைக்குச் சேர்ந்து, இந்தக் கோட்டையைப் புதுப்பித்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன், என்று பெயரெடுத்து 1777இல் இங்கேயே இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியன் நீண்ட நேரம் அந்தத் தமிழ் எழுத்துகளின் மேல் குனிந்திருந்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர் என்று பார்த்தால் டிலனாய் என் கட்சிதான். அவருக்குத் தமிழில் கல்வெட்டு கிடைத்தது. எனக்குத் தமிழில் கிடைப்பது வங்கியின் குறுஞ்செய்தி மட்டும்.

திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்து, கிறிஸ்தவராகி, அதற்காகவே உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளையை எங்கள் ஆத்தாமார்கள் அப்போதே புனிதர் என்றுதான் சொல்வார்கள். ரோம் 2022இல் சொன்னது. அவர் கிறிஸ்தவ சமயத்தை அறிந்தது இந்த டிலனாயிடமிருந்துதான்.

அடுத்து ஏறிய சமண மலைக்கோயில் சிதறாலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சொல்ல ஆரம்பித்தால் நிற்காது. திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். பாறையில் தீர்த்தங்கரர்களும் பத்மாவதியும். ஆய் மன்னர் காலத்து வட்டெழுத்து. பிற்காலத்தில் பகவதி கோயில். மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மேலே ஏறும் கல்பாவிய வழியில் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நாங்கள் நண்பகலில் ஏறினோம், அதுவும் அந்தத் திங்கட்கிழமையின் தயவு. மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது வங்கிக்காரன்தான் கணக்குப் போட்டான்: அடுத்தடுத்து இருக்கும் மூன்று இடங்களுக்கு மூன்று எஜமானர்கள். அரண்மனைக்குக் கேரளம், கோட்டைக்குத் தமிழ்நாடு, மலைக்கு தில்லி.

இரவு தங்கிய விடுதியின் பெயரும் ஊரும் வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தோம். வரவேற்பில் இருந்த இளைஞர் ஆதார் கேட்டார். என் அட்டை சிங்கப்பூரில் அலமாரியில். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். “சார், பாஸ்போர்ட் வெளிநாட்டவர்களுக்கு” என்றார். இதுவும் இந்தியப் பாஸ்போர்ட்தான், அசோகச் சின்னம் மேலேயே இருக்கிறது என்றேன். “ஆதார் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.” சரி, போனில் இறக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஓடிபி என் பழைய கைப்பேசி எண்ணுக்குப் போகிறது. அந்த எண்ணை நான் விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியனின் போனிலிருந்து அழைத்தேன். சேலத்தில் ஒருவர் எடுத்தார். மிகுந்த பணிவோடு நிலைமையைச் சொன்னேன். “அண்ணா, யாராவது போன் பண்ணி ஓடிபி கேட்டால் சொல்லக் கூடாது என்று பேங்கிலேயே சொல்லியிருக்கிறார்கள்” என்றார் அவர். அந்த இரண்டு நாட்களில் நான் சந்தித்த மிகச் சரியான சேவை அதுதான். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வங்கிக்காரனின் ஆதாரில் அறை கிடைத்தது. பதிவேட்டில் நான் ‘உடன் வந்தவர்’.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் புறப்படுவதற்கு முன் இந்த எண் விவகாரத்தைச் சரி செய்துகொள்வது நல்லது. ஊரில் இப்போது தேங்காய் வாங்கினாலும் கட்டத்தை ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்று கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ பழங்காலத்துப் பணத்தோடு வந்தவன்.

அறையில் மூன்று பேருக்கு இரண்டு துண்டு. வெந்நீர்க் குழாயில் வெந்நீர் தவிர மற்ற ஓசையெல்லாம் வந்தது. கீழே சொன்னபோது “பார்க்கிறோம் சார்.” ஆனால் காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டியது விடுதியின் வயதான வேலையாள், ஒரு வாளி வெந்நீர், ஆவி பறக்க. யாரும் அவரை ஏவவில்லை. “படி ஏறிக் கொண்டு வந்தீர்களே மாமா” என்றதற்கு, “லிஃப்டும் ஓடவில்லை” என்றார்.

முந்தைய இரவின் சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் குற்றம். சாலையோரத் தட்டுக்கடை, மயக்கிய மரச்சீனி, அதாவது மசித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே மீன்கறி. தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு மயக்கிய கிழங்கின் மணம் வந்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கடைக்கார அம்மாள், “மக்களே, இன்னும் கொஞ்சம் சாறு விடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே விட்டுவிட்டார். கணக்குக் கேட்டால் மனதில் கூட்டிச் சொன்னார், வங்கிக்காரன் சரிபார்த்து ஒரு மீன் துண்டை விட்டுவிட்டதாகச் சொன்னான். “அது நான் வைத்தது” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதுக்கு அரண்மனை வாசலில் முதல் ஆள் நாங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதுதான் சரியும்கூட, அந்த வீட்டைக் காலால்தான் புரிந்துகொள்ள முடியும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது, கட்டடம் கேரள அரசின் கையிலேயே இருந்துவிட்டது. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் ஆறரை ஏக்கர் கேரளம். பலகைகளில் மலையாளம், தமிழ், ஆங்கிலம். அங்கங்கே நிற்கும் ஊழியர்கள் எந்த மொழி முகம் என்று பார்த்து அந்த மொழியில் தொடங்குகிறார்கள்.

மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண மைக்கா. வெளியே அடிக்கும் வெயில் உள்ளே வரும்போது குளிர்ந்துவிடுகிறது. ராஜா ஆலோசனை கேட்ட அறையில் எங்களுக்கும் தணிந்த குரல்தான் வந்தது. ஊட்டுப்புரையில் கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் இருந்து சாப்பிடலாம். நவராத்திரி மண்டபத்தின் தரை கண்ணாடிபோலக் கறுப்பு. அங்கே நின்ற பெண் ஊழியர், சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு என்று கலவையைச் சொன்னார். எத்தனை முறை சொல்லியிருப்பார். அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். எங்கே வேலை என்று என்னைக் கேட்டார். சிங்கப்பூர் என்றேன். “அங்கே தரையெல்லாம் இதைவிடப் பளபளப்பாக இருக்குமே?” “இருக்கும் அக்கா. பக்கத்தில் வழுக்கும் என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள்.”

நவராத்திரிக்கு முன் இங்கிருந்து சரசுவதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். 1795 வாக்கில் தலைநகர் மாறிவிட்டது, பிறகு மாநிலமும் மாறிவிட்டது; ஆண்டுதோறும் அந்தப் போக்குவரத்து மட்டும் மாறவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலப் போலீசாரும் நின்று மரியாதை செய்து அனுப்புவார்கள்.

எங்களுக்குக் களியக்காவிளையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லைக்கு முன்னாலேயே டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கேரளத்துக்குள் நுழையும் வாடகை வண்டிக்கு வரி கட்ட வேண்டும், இணையத்தில் கட்டலாம். எங்களிடம் வாங்கிய பணத்தை அலுவலகம் கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. அவர் தன் போனிலேயே கட்டப் பார்த்தார், பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அலுவலகத்துக்கு அழைத்தார். ஓனர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். மணி பன்னிரண்டு. “கட்டாமல் ஏறினால் அபராதம் என் தலையில்தான் விழும் அண்ணே” என்றார் டிரைவர். நியாயம். நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு மூன்று பேரும் இறங்கி நடந்தோம். இந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் விலை குறைவு என்று கேரள எண் வண்டிகள் வரிசை. அந்தப் பக்கம் லாட்டரிக் கடைகளில் நம் ஆட்கள் வரிசை. தமிழ்நாட்டில் 2003இல் நிறுத்திய வியாபாரம். அவரவர் இல்லாததைத் தேடி எதிரெதிரே நடந்துகொண்டிருந்தார்கள்.

நெய்யாற்றின்கரைக்கு ஆனைவண்டி. கேரள அரசு பஸ்ஸை அங்கே அப்படித்தான் செல்லமாகச் சொல்கிறார்கள், முன்னால் சின்னத்தில் இரண்டு யானை இருப்பதால். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். கண்டக்டர் முகம் சுளிக்காமல் டிக்கெட்டின் பின்புறம் மீதியை எழுதிக் கொடுத்தார். கூட்டம் ஏறியது, அவர் பின்னால் போய்விட்டார். பணம் போனது என்றுதான் நினைத்தேன். இறங்குமிடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால், நான் கேட்காமலே, ஆட்களின் தலைகளுக்கு மேலாகக் கை நீட்டி எண்ணி வைத்தார்.

கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில்தான் அம்மச்சிப் பிலாவு. எதிரிகளான எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லும் பொந்துள்ள பலாமரம், இப்போது பட்டுப்போன அடிமரமாகப் பாதுகாப்பில் இருக்கிறது. நண்பர்களில் பருத்தவன் யார் என்று சொல்ல மாட்டேன். ராஜா அவன் அளவில் இருந்திருந்தால் திருவிதாங்கூரே இல்லை என்றான் ஆசிரியன்.

மதிய ஊணுக்கு ஒரு சாதாரணக் கடை. உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பு நிறத்தில் சுடுவெள்ளம், பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். பாட்டில் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளும் நான் பாட்டில் தண்ணீருக்குச் செலவழித்ததைக் கூட்டினால் நல்ல சாப்பாடு ஒன்று வரும்.

திரும்பி வந்தபோது மணி ஐந்து. டிரைவர் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னிருக்கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம், எங்களுக்காக வாங்கியது. கண் விழித்ததும் ஆவலோடு போனைக் காட்டினார்: “அண்ணே, பக்கம் இப்போது திறக்கிறது. கட்டிவிடட்டுமா?”

கட்டாத வரிக்கு வாங்கிய பணம் ஏழு வேலை நாட்களில் திரும்ப வரும் என்று அலுவலகம் செய்தி அனுப்பியது. நான் சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று வங்கிக்காரன் நேரிலேயே போயிருக்கிறான். இரவு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: “ஓனர் இன்னும் குளிக்கிறார்.”