டெஸ்க்டாப் வராத காலைகள்

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், உன்கிட்ட இருக்கிற அதே மாடல் லேப்டாப் ஒண்ணு செகண்ட்ஸ்ல ஒன்பதாயிரத்துக்கு வருது. பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்கா. வாங்கலாமா, இன்னா சொல்ற?"

ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டிய பதில். முக்கால் மணி நேரம் பேசினேன்.

என் லேப்டாப் 2019ல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கம்பெனி பெயர் வேண்டாம். அந்த விலையில் எந்தக் கம்பெனியைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய இதே சாமான்தான் இருந்தது. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட்டுகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், ஒரு பிரிண்டர். இதற்கு இந்த மெஷின் தாராளம். கீபோர்டு தங்கம். ஆறு வருடமாக நம்பர் பேடைத் தட்டித் தட்டி 5 என்ற எழுத்தே அழிந்துவிட்டது, கீ மட்டும் முதல் நாள் போலவே துள்ளுகிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டேன்.

இனி காலை நேரத்துக்கு வருகிறேன். ஆன் செய்வேன். லோகோ வரும், பாஸ்வேர்டு கேட்கும், வெல்கம் என்று வரவேற்கும். அப்புறம் கறுப்பு. ஐகான் கிடையாது, டாஸ்க்பார் கிடையாது, ஸ்டார்ட் பட்டன் கிடையாது. நடுவில் மவுஸ் அம்பு மட்டும் நிற்கும். ஆட்டினால் ஆடும். உள்ளே ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் குரல் வருகிறது, கதவை மட்டும் திறக்கமாட்டேன் என்கிறது.

முதல் தடவை இது வந்தது ஒரு மாதத்தின் 10ஆம் தேதி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை பில்களைக் காட்டும் மாத ரிட்டர்ன், போடக் கடைசி நாள். நாலு யூனிட்டின் பில் உள்ளே இருக்கிறது. மே மாத வெயிலில் காந்தி நகரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் டவுனுக்குப் போனேன். முதல் கடையில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், ஆறாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார்கள். அடுத்த கடையில் "ஃபார்மட் அடிச்சிடலாம், டேட்டாவுக்கு கேரண்டி இல்ல". எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று இருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

அன்று மானத்தைக் காப்பாற்றியது அக்கா பையன். போனிலேயே சொன்னான்: "மாமா, அது சாகல. எக்ஸ்ப்ளோரர் எழும்பல, அவ்ளோதான்." ஐகான், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, ஃபோல்டர் ஜன்னல் எல்லாவற்றையும் எழுப்பிவிடுவது எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே புரோகிராமாம். அது கிளம்பாவிட்டால் விண்டோஸ் அடியில் ஓடிக்கொண்டிருந்தும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் தனி ஆள், கூப்பிட்டால் வரும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தணும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்'. பிறகு ஃபைல், 'ரன் நியூ டாஸ்க்', எக்ஸ்ப்ளோரர் என்று டைப் செய்து என்டர். மூன்று விநாடியில் எல்லாம் வந்து உட்கார்ந்தது. ஆறாயிரத்து ஐநூறு ரூபாய் போர்டு!

அன்றைக்கு ரிட்டர்ன் போட்டுவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. வழி கிடைத்துவிட்டதால் காரணத்தைத் தேடவில்லை. ஒன்றரை வருடம் தினமும் இதே பூஜை. "ஏங்க, அந்தப் பொட்டிக்கு டெய்லி சூடம் காட்டினாத்தான் எழுந்துக்குமா?" என்று வீட்டில் கேட்கும் அளவுக்குப் போனது.

நடுநடுவே ரோஷம் வரும். விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன். கெட்டுப்போன ஃபைல்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. மறுநாள் காலை கறுப்பு. விண்டோஸைப் பழுதுபார்க்கும் இன்னொரு கருவியான டிஐஎஸ்எம் ஓட்டினேன், அதுவும் அப்படியே. விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், லாகின் வேலையைப் பார்க்கும் வின்லாகான் பகுதியில் 'ஷெல்' என்ற இடத்தில் எக்ஸ்ப்ளோரர் பெயர் மாறியிருக்கலாம் என்றான் பையன். கை நடுங்கப் போய்ப் பார்த்தால் சரியாகவே இருந்தது. புதிதாக ஒரு யூசர் அக்கவுண்ட் திறந்தேன், அதிலும் காலையில் கறுப்பு. ஆக என் புரொஃபைல் கெடவில்லை. மிகத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் கிளம்பும் சேஃப் மோடில் மட்டும் டெஸ்க்டாப் ஒழுங்காக வந்தது. ஆனால் சேஃப் மோடுக்கு நான் போனது ரீஸ்டார்ட் வழியாக. அது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு பவர் கட்டில். பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் படக்கென்று அணைந்தது. கரண்ட் வந்ததும் திட்டிக்கொண்டே போட்டேன். டெஸ்க்டாப் முழுசாக வந்து நிற்கிறது! அடுத்த வாரமும் ஒரு கட், அதே மாதிரி. ஒழுங்காக ஷட்டவுன் செய்து வைத்தால் வராத டெஸ்க்டாப், கழுத்தைத் திருகி அணைத்தால் வருகிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் வருகிறது. அப்படியானால் ஷட்டவுன்தான் குற்றவாளி.

விண்டோஸ் 8 வந்த 2012லிருந்தே இந்த வேலை நடக்கிறது. பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடிவிடும், ஆனால் விண்டோஸின் அடிமட்டத்தையும், ஸ்கிரீன், பிரிண்டர் மாதிரி சாமான்களை ஓட்டும் டிரைவர் புரோகிராம்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் புதிதாகக் கிளம்பாமல் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். சீக்கிரம் ஆன் ஆவதற்காக. ரீஸ்டார்டில் இந்த ஏற்பாடு கிடையாது, எல்லாம் முதலிலிருந்து. பழைய டிரைவர் ஒன்று இப்படித் தூங்கி எழும்போது முரண்டு பிடித்தால் ஆட்டம் காலி. என் சந்தேகம் டிஸ்பிளே டிரைவர் மேல்.

கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் இடம். மேலே உள்ள நீல வரியைத் தட்டினால்தான் கீழே உள்ள டிக் மாற்றவரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தேன். மறுநாள் காலை டெஸ்க்டாப் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒன்றரை வருடம் நான் பட்டபாடு ஒரு டிக்!

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இதற்கு ஒரு விலை உண்டு. ஆன் ஆக இரண்டரை நிமிடம் பிடித்தது. சரி என்று அதற்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், வாங்கிப் போட்டேன். இப்போது இருபது விநாடி. முதலிலேயே செய்திருக்க வேண்டியது, பாவம் அந்த ஹார்ட் டிஸ்க்கை நான் ரொம்பத் திட்டியிருக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் லேப்டாப் மேல் பெரிய குற்றம் இல்லை. இன்றைக்குக் கணக்கு வேலைக்கு இதைவிட நல்ல மெஷின் எனக்குத் தேவையும் இல்லை. இவ்வளவும் நண்பனிடம் சொல்லிவிட்டு, கடைசியில் "வாங்காதே" என்றேன். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பட்டியலில் இன்டெல் ஐ3 எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது, இது ஏழு, அதனால் முறைப்படி 11 ஏறாது. இதில் ஓடும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. பெண் இப்போதுதான் முதல் வருடம் போகிறாள். ஒன்பதாயிரம் தண்டம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி மச்சான், வெளியாள்கிட்ட வேணாம். நீதான் ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கியே, உன்னுதை எட்டாயிரத்துக்குக் குடுத்துடு" என்றான்.

குடுக்கமாட்டேன் என்றேன். பத்தாயிரம் என்றாலும் குடுக்கமாட்டேன்.