சைவம் சாப்பிடுகிறவருக்கு முதல் விருந்து: பனீரா, பாஸ்தாவா, பிரியாணியா, சொதியா?

மனதுக்குப் பிடித்தவளை முதல்முறையாக வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அவள் பிறந்ததிலிருந்தே சைவம். நான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறிக்கடையில் நிற்கிற ஆள். நல்லபடியாகச் சமைத்துப் போட வேண்டும் என்ற ஆசையில் நான்கு சாப்பாட்டை மனதில் வைத்து, மூன்று வாரமாக ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்த்தேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பனீர் பட்டர் மசாலா சுலபம், சொதப்பவே சொதப்பாது. தக்காளியும் முந்திரியும் அரைத்து வெண்ணெயில் வதக்கி, கடைசியில் கசூரி மேத்தியை, அதாவது காய்ந்த வெந்தயக்கீரையை, கசக்கிப் போட்டால் கடை மணம் வந்துவிடும். பொரித்த பனீரை உடனே வெந்நீரில் போட்டு வைத்தால் ரப்பர் மாதிரி ஆகாமல் மெத்தென்று இருக்கும். ஆனால் சைவக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆபீஸ் பார்ட்டி, ரிசப்ஷன், ஹோட்டல் என்று எங்கே போனாலும் அவர்கள் தட்டில் விழுவது இதுதான். வீட்டுக்குக் கூப்பிட்டும் அதையே போட எனக்கு மனம் வரவில்லை.

பாஸ்தா தட்டில் பார்க்க அழகு. அதில் கவனிக்க வேண்டியது சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அதனால் அது சைவம் ஆகாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இனிப்புக்குப் புட்டிங் செய்வதாக இருந்தால் ஜெலட்டினும் சைவம் ஆகாது, அதற்குப் பதில் கடல்பாசி போடலாம். இன்னொரு சிரமம், பாஸ்தா காத்திருக்காது. வடித்த சூட்டிலேயே சாஸில் புரட்டித் தட்டில் வைத்தாக வேண்டும். வந்தவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்க, நான் அடுப்படியில் நிற்பேன். எதற்குக் கூப்பிட்டோம் அப்புறம்?

உண்மையில் என் மனது சாய்ந்தது காளான் பிரியாணி பக்கம்தான். தம் பிரித்ததும் வீடு முழுக்கப் பரவும் வாசனைக்கு ஈடே கிடையாது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மசாலாவோடு சேர்த்து வேகவிட்டால் அது தண்ணீர் விட்டு, அரிசி குழைந்து போகும். தனியாகப் பெரிய தீயில், உப்புப் போடாமல், ஈரம் சுண்டி ஓரம் சிவக்கும்வரை வதக்கி எடுத்து வைத்துக்கொண்டேன். சீரகச் சம்பாவை 20 நிமிடம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்தேன். பொலபொலவென்று வந்தது. சாப்பிட்ட நண்பன், “மட்டன் பிரியாணி மாதிரியே இருக்குடா” என்றான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. கறியே தொடாதவளுக்கு அது எப்படிப் பாராட்டாகும்? கறி இல்லையே என்ற குறை எனக்குத்தான், அவளுக்கு அப்படி ஒரு குறையே கிடையாது. பிரியாணியில் நான் சமைத்தது என் நாக்குக்கு. காளானைத் தொடாத சைவ வீடுகளும் இருக்கின்றன என்பது அடுத்த விஷயம். எதைச் சமைத்தாலும் காளான், முட்டை, வெங்காயம், பூண்டு நான்கையும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். முட்டை மட்டும் வேண்டாம் என்றாள்.

அப்படித்தான் சொதிக்கு, அதாவது தேங்காய்ப்பால் குழம்புக்கு, வந்தேன். திருநெல்வேலிப் பக்கம் இதை மாப்பிள்ளை சொதி என்பார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. எங்கள் வீடு அசைவம் என்றாலும், பக்கத்து வீட்டு ஆச்சியிடமிருந்து அம்மா கற்றுக்கொண்டாள். கறியை நினைவுபடுத்தவே செய்யாத சமையல். காயும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும்தான் எல்லாம்.

இரண்டு பேருக்கு ஒரு பெரிய தேங்காய். மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணியான மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வேகும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு வேகவைத்து மசித்தது, அப்புறம் இரண்டாம் பால். கெட்டியான முதல் பால் கடைசியில்.

முதல் தடவை செய்தபோது அந்த முதல் பாலை ஊற்றிவிட்டு, நன்றாகக் கொதிக்கட்டும் என்று நின்றேன். ஓரத்தில் நுரை கட்டியது, பிறகு திப்பி திப்பியாகத் திரிந்து எண்ணெய் மேலே மிதந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். “முதப்பால ஊத்துனா கொதிக்க விடாதல. ஓரத்துல ஆவி கெளம்புதப்பவே எறக்கிரு. எலுமிச்சம்பழம் ஆறுனதுக்கப்புறம் பிழி” என்றாள். அடுத்த முறை சரியாக வந்தது. மேலே நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியதும் வெள்ளை வெளேரென்று இருந்த பாலில் பச்சைப் பட்டாணியும் கேரட்டும் எட்டிப்பார்த்தன.

நேரக் கணக்கிலும் சொதிதான் எனக்கு மேல். காய் நறுக்குவது, பால் எடுப்பது, பருப்பு வேகவைப்பது எல்லாம் மதியமே முடிந்துவிடும். அவள் வந்த பிறகு அடுப்படியில் நான் நின்றது பத்து நிமிடம்தான். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், அதனால் இஞ்சிப் பச்சடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இஞ்சியை வதக்கி அரைத்து, புளியும் வெல்லமும் சேர்த்துச் சுண்ட வைத்தால் போதும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பொரியல்.

வாழையிலை போட்டு, சூடான சோற்றில் சொதியை ஊற்றினேன். முதல் இரண்டு வாய் அவள் எதுவும் பேசவில்லை. பிறகு, “இது என்ன, இத்தனை நாள் நான் சாப்பிட்டதே இல்லையே” என்று கேட்டாள். நான் ஆச்சி கதையிலிருந்து ஆரம்பித்தேன். கதை முடிவதற்குள் சட்டியில் ஒரு கரண்டிதான் மிச்சம் இருந்தது. அதையும் அவளே வழித்துப் போட்டுக்கொண்டாள்.