பழைய டிவிஆர், புதிய பிரவுசர்: பிளக்-இன் ஏறாத கமராவோடு சில வருடங்கள்

மருதமுனையில் எங்கள் கைத்தறிச் சாரன் கடையில் இருக்கும், கமராப் படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டி பல வருடமாகக் குறையில்லாமல் பதிவு செய்துவருகிறது. கமராக்களும் நல்லவை, இரவிலும் படம் தெளிவு. கம்பியூட்டரில் திறந்து பார்ப்பதுதான் கரைச்சல். பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போனால் படம் வரவேண்டிய இடம் கறுப்பாகக் கிடக்கும். நடுவில் "பிளக்-இன்னை இன்ஸ்டோல் செய்யவும்" என்று ஒரு வரி. பிளக்-இன் என்பது பிரவுசருக்குள் கூடுதலாக ஏற்றும் சிறு மென்பொருள். இன்ஸ்டோல் செய்துவிட்டு வந்தாலும் அதே வரி.

இதில் முதலில் விளங்கவேண்டியது, பிளக்-இன் பழுதாகவில்லை என்பது. அது ஏறும் வழியையே பிரவுசர்கள் அடைத்துவிட்டன. குரோம் 2015 செப்டம்பரில், 45ஆம் பதிப்போடு என்பிஏபிஐ என்ற பழைய முறையில் ஏறும் பிளக்-இன்களைக் கைவிட்டது. பயர்பொக்ஸ் 2017 மார்ச்சில், 52ஆம் பதிப்பில் பிளாஷ் தவிர்ந்த மற்றவற்றை நிறுத்தியது. எங்கள் பெட்டி கேட்பதோ ஆக்டிவ்எக்ஸ் என்ற இன்னொரு வகைப் பிளக்-இன். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கென்று வந்தது. அந்தப் பிரவுசருக்கும் 2022 ஜூன் 15 இல் மைக்ரோசொப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆகவே குரோமில் கேஷை அழிப்பதும் பிளக்-இன்னைத் திரும்பத் திரும்ப இறக்குவதும் வீண் வேலை. யாரோ ஏற்றிவைத்த பழைய பிரவுசரைத் தேடி இறக்குவது அதைவிட ஆபத்து.

எங்களுக்குக் கைகொடுத்தது மைக்ரோசொப்டின் எட்ஜ் பிரவுசரில் இருக்கும் ஐஇ மோட், அதாவது பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போலத் திறக்கும் வசதி. செட்டிங்ஸில் டிஃபோல்ட் பிரவுசர் பகுதியில் அதை அனுமதித்து, எட்ஜை மூடித் திறந்து, டிவிஆரின் முகவரியை அங்குள்ள பட்டியலில் சேர்க்கவேண்டும். பிறகு எட்ஜை முழுதாக மூடிவிட்டு பிளக்-இன்னை அட்மினிஸ்ட்ரேட்டராக இன்ஸ்டோல் செய்யுங்கள். அதற்கும் ஏறாவிட்டால் விண்டோஸின் இன்டர்நெட் ஒப்ஷன்ஸுக்குள் போய், டிரஸ்டட் சைட்ஸில் அதே முகவரியைப் போடுங்கள். எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்றிருக்கும் டிக்கை எடுத்தால்தான் பெட்டியின் சாதாரண முகவரியை அது ஏற்கும். எங்கள் கடையில் கறுப்புத் திரை விலகியது இந்த டிக்கை எடுத்த பிறகுதான்.

குறையும் உண்டு. அந்தப் பட்டியலில் சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகும், திரும்பச் சேர்க்கவேண்டும். மாரி காலத்தில் இன்னொரு தொல்லை: கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் டிவிஆருக்கு வேறு முகவரி கொடுத்துவிடும். கடையைப் பார்க்கும் காக்கா (அண்ணன்) "பிளக்-இன் மறுகாவும் போயிட்டு, வந்து பாரு தம்பி" என்று கோல் எடுப்பார். போய்ப் பார்த்தால் 192.168.1.10 என்றிருந்தது 192.168.1.15 ஆகியிருக்கும். டிவிஆரின் நெட்வேர்க் பகுதியில் முகவரியைத் தானாக வாங்கும் டிஎச்சிபியை நிறுத்தி, மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்த பிறகு அந்த அழைப்பு வருவதில்லை.

அன்றாடம் பார்க்க நான் சொல்வது விஎல்சி பிளேயர். 'ஓபன் நெட்வேர்க் ஸ்ட்ரீம்' என்பதில் டிவிஆரின் ஆர்டிஎஸ்பி முகவரியை, அதாவது நேரடிப் படம் வரும் முகவரியைக் கொடுத்தால் போதும். பொதுவாக போர்ட் (இணைப்பு வாசல்) 554. முகவரியின் மிச்சப் பகுதி கம்பனிக்குக் கம்பனி வேறு, கையேட்டில் பாருங்கள். பிளக்-இன் எதுவும் வேண்டாம். கல்லாவும் நூல் அடுக்கிய அறையும் எங்களுக்கு நாள் முழுக்க இப்படித்தான் ஓடுகின்றன. செட்டிங்ஸ் மாற்றவும் பழைய பதிவு தேடவும் மட்டும் ஐஇ மோட்.

கட்டாரில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே பார்க்க ரௌட்டரில் போர்ட் திறந்துவிடச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. 2016 இல் மிராய் என்ற தீநிரல், கம்பனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கமராக்களிலும் டிவிஆர்களிலும் புகுந்துதான் பெரிய பெரிய தளங்களை முடக்கியது. அப்டேட்டே வராத பழைய பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் மற்ற எதற்கும் முன் அதைப் போட்டுப் பாருங்கள். சில மொடல்களில் பிளக்-இன் இல்லாமலே படம் வரும். எங்கள் மொடலுக்கு அது வரவில்லை, விற்றவர்கள் "புதிசு வாங்குங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். பதிவு ஒழுங்காக நடக்கிற பெட்டியைப் பிரவுசருக்காகத் தூக்கி எறிய நான் உடன்படமாட்டேன். புதிதாக வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் கடையிலேயே குரோமில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.