கிரனாடா செல்பவர்களே, டிக்கெட்டில் அரண்மனை நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்

ஸ்பெயினின் தெற்கில் இருக்கும் கிரனாடாவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். அல்ஹம்ப்ராவுக்கு "முழு டிக்கெட்" என்று சொல்லி எங்களிடம் ஆளுக்கு 65 யூரோ வாங்கிக்கொண்டு, அரண்மனைக்குள் விடாத தோட்ட டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அல்ஹம்ப்ரா என்பது ஒரே கட்டடம் இல்லை. ஒரு குன்று முழுவதும் பரந்து கிடக்கும் கோட்டை நகரம். அல்கசாபா என்னும் பழைய கோட்டை, ஹெனரலிஃபே தோட்டங்கள், இங்கே ஆண்ட நஸ்ரித் என்னும் முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். உயிர் இருப்பது நஸ்ரித் அரண்மனைகளில்தான். 14ஆம் நூற்றாண்டில் அந்த வம்சத்து மன்னர் ஐந்தாம் முகம்மது கட்டிய சிங்க முற்றம் அங்கேதான் இருக்கிறது. 12 பளிங்குச் சிங்கங்கள் நீரூற்றைச் சுமந்து நிற்கின்றன. அதையொட்டிய இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரையில் 5,000-க்கும் மேற்பட்ட சாந்துத் துண்டுகளைத் தேன்கூடு போல அடுக்கியிருக்கிறார்கள். என் அப்பா கட்டட மேஸ்திரி. பூச்சு வேலையில் ஊறிய கை. அந்தக் கூரையின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "ஒவ்வொன்றையும் தனியாகச் செய்துதான் பொருத்தியிருக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தப் பயணமே அந்தக் கூரைக்காகத்தான்.

அரண்மனைகளுக்குள் ஒரு நேரத்தில் குறிப்பிட்ட அளவு ஆட்களைத்தான் விடுவார்கள். நுழைய வேண்டிய நேரம் டிக்கெட்டிலேயே இருக்கும். வாங்குபவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். அதனால் நல்ல பருவத்தில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. இந்தத் தட்டுப்பாட்டை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நாங்கள் வாங்கியது பிளாசா நுவேவா என்னும் சதுக்கத்துக்கு அருகே கடையும் இணையத்தில் விற்பனையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம். அவர்களுடைய இணையப் பக்கத்தில் சிங்க முற்றத்தின் படம் பெரிதாக இருந்தது. கீழே "முழு அல்ஹம்ப்ரா" என்று எழுதியிருந்தது. தோட்ட டிக்கெட்டும் அசல்தான் என்பதால் கோட்டை வாயிலில் யாரும் தடுக்கவில்லை. தோட்டங்களைச் சுற்றினோம், அல்கசாபா கோபுரத்தில் ஏறினோம். ஐந்தாம் சார்லஸ் அரண்மனையை ஒட்டிய வரிசையில் வெயிலில் நின்று, நஸ்ரித் வாசலை அடைந்த பிறகுதான் ஊழியர் டிக்கெட்டைப் பார்த்து, உள்ளே விட முடியாது என்று தலையசைத்தார். அன்றைக்கு எல்லா நேரமும் விற்றுத் தீர்ந்திருந்தது. மறுநாள் காலை எங்களுக்கு ரயில். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சுவரின் பூச்சைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கடைக்குப் போனேன். "முழு என்றால் திறந்தவெளிப் பகுதிகள் முழுவதும்" என்றார் அங்கிருந்தவர். படம் வெறும் மாதிரியாம். ஸ்பெயினில் வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர்கள் புகார்ப் படிவம் கொடுத்தே ஆக வேண்டும்; ஓகா தே ரெக்லமாசியோனெஸ் என்று அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் தீர்ந்துவிட்டது என்றார்கள். உள்ளூர்ப் போலீஸை அழைக்கிறேன் என்றதும் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அந்தப் பிரதியையும், வாங்கும்போது நான் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்களையும் காட்டித்தான் பிறகு கார்டு கொடுத்த வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெற்றேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அல்ஹம்ப்ரா, ஹெனரலிஃபே இரண்டையும் நடத்தும் அரசு நிர்வாகமான பட்ரோனாதோவின் அதிகாரபூர்வத் தளத்தில் வாங்குங்கள். பொது டிக்கெட் அங்கே சுமார் 20 யூரோதான். கிடைக்கவில்லையென்றால் நஸ்ரித் அரண்மனைகளுக்கான இரவுப் பார்வை டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். நகரத்தின் கிரனாடா கார்டிலும் அரண்மனை நுழைவு உண்டு. யார் விற்றாலும், பணம் கட்டும் முன் நஸ்ரித் அரண்மனைக்கு எத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள். நேரம் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

பேராலயத்தின் பக்கம் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணித்துக் கைரேகை பார்த்துக் காசு கேட்கும் பெண்களைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். அது சில்லறை விஷயம். கையை நீட்டாமல் நடந்தால் போதும்.

ஊரை நான் குறை சொல்லவே மாட்டேன். அல்பைசின் என்னும் பழைய குடியிருப்பின் சந்துகளில் ஏறி சான் நிக்கோலாஸ் மேட்டில் நின்றால், எதிரே அல்ஹம்ப்ராவும் பின்னால் சியரா நெவாடா மலையும் ஒன்றாகத் தெரிகின்றன. குடிக்க ஒன்று வாங்கினால் கூடவே ஒரு தட்டு தாப்பாஸ் என்னும் சிறு தீனியைக் காசில்லாமல் வைக்கிற பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. அப்படி விருந்தோம்பும் ஊரில்தான் இந்தக் கடையும் நடக்கிறது. சென்ற வாரம் அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே சிங்க முற்றம், அதே "முழு அல்ஹம்ப்ரா". விலை மட்டும் 5 யூரோ கூடியிருக்கிறது.