ஐரிஷுக்கு யாருடைய குரல்?

ஐரிஷ் மொழியைக் கணினி பேசவும் புரிந்துகொள்ளவும் வைக்க இன்று மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. முதலாவது, டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஒலியியல் ஆய்வகத்தில் ஐல்வ நீ ஹசிட தலைமையில் வளர்ந்த 'அபர்' திட்டம். இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் ஆயத்தக் குரல்கள். மூன்றாவது, மொசில்லாவின் காமன் வாய்ஸில் தன்னார்வலர்கள் பதிந்து தரும் பேச்சு.

எதை ஆதரிக்கலாம் என்று பார்க்கும் முன் ஒரு கணக்கு முக்கியம். அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18,73,997 பேர். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். அவர்களில் கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளில் இருப்பவர்கள் 20,261 பேர். அதாவது, பெரும்பாலானவர்களுக்கு இது பள்ளியில் படித்த மொழி. அவர்கள் வாயில் ஐரிஷ் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளோடுதான் வருகிறது.

இதனால் என்ன நஷ்டம்? ஐரிஷ் மெய்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தடித்தது, மெல்லியது (நாக்கை மேலண்ணத்தை நோக்கி உயர்த்திச் சொல்வது) என்று இரண்டு வடிவம் உண்டு. 'பாட்' என்றால் ஒரு படகு. கடைசி மெய்யை மட்டும் மெல்லியதாக்கினால் பல படகுகள். ஒருமை பன்மையே அந்த ஒரு ஒலியில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடாது. போதாததற்கு, 1958இல் வந்த அரசின் தர வடிவம் எழுத்துக்கு மட்டும்தான். பேச்சுக்குப் பொதுத்தரம் எதுவும் இல்லை. 'கலீன்' (சிறுமி) என்ற சொல்லில் தெற்கு மாகாணமான மன்ஸ்டரைச் சேர்ந்தவர் இரண்டாம் அசையை அழுத்துவார், மற்றவர்கள் முதல் அசையை.

அபரின் பலம் இங்கேதான். வடக்கே அல்ஸ்டர், மேற்கே கானக்ட், தெற்கே மன்ஸ்டர் என மூன்று மாகாண வழக்குகளுக்கும் அந்தந்தப் பகுதிப் பேச்சாளர்களின் குரல்களை வைத்தே அது உருவாக்கப்பட்டது. மன்ஸ்டரின் கெர்ரியில் படிக்கும் குழந்தைக்குக் கெர்ரிப் பேச்சே கேட்கும். பார்வையற்ற மாணவர்களுக்கான திரைவாசிப்பான், பேச இயலாதவர்களுக்கான 'கெபர' கருவி என்று இந்தக் குரல்கள் பயன்படும் இடங்களைப் பார்த்தால் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. குறை என்றால், இது பெரும்பாலும் அரசு நிதியை நம்பி ஒரு சிறு குழு நடத்தும் வேலை. வேகத்தில் பெருநிறுவனங்களோடு போட்டி போட முடியாது.

மைக்ரோசாஃப்டில் ஓர்லா, கோலம் என இரண்டு குரல்கள். செயலி எழுதுகிறவர் சில வரி நிரலில் சேர்த்துவிடலாம். அந்த வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் 'ஐரிஷ்' என்ற ஒற்றை அடையாளம்தான், எந்த ஊர் வழக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. பெருநிறுவனத்தின் முன்னுரிமையை நம்பியிருப்பதும் ஆபத்து. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருள் 6,80,000 மணி நேரப் பேச்சில் பயிற்சி பெற்றது. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு, ஐரிஷின் உறவு மொழிகளான வெல்ஷ் உண்டு, பிரெட்டன்கூட உண்டு. ஐரிஷ் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு அலுவல் மொழியாகியிருந்தது.

காமன் வாய்ஸ் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவு. ஆனால் ஐரிஷ் பதிவுகள் குறைவு. பதிந்தவர் மட்டுமல்ல, சரிபார்க்கிறவரும் கற்றுக்கொள்பவராக இருக்கலாம். அதனால் இதை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்கு எல்லா உச்சரிப்பும் பழக வேண்டும். கற்றுக்கொள்பவர் சொல்வதும் அதற்குப் புரிந்தாக வேண்டும். பேசிக் காட்டும் மென்பொருள் அப்படியல்ல. குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் பேசப் பழகுவார்கள். அதற்குக் கேல்டாக்ட் குரலைத் தவிர வேறெதையும் நான் ஏற்க மாட்டேன்.

ஆக, வாசித்துக் காட்ட அபர், கேட்டுப் புரிந்துகொள்ள அபரும் காமன் வாய்ஸும் சேர்ந்து, கேல்டாக்ட் குரல் கிடைக்காத இடத்தில் மட்டும் ஆயத்தக் குரல். ஐரிஷ் மொழிக்கான அயர்லாந்து அரசின் 2023–2027 டிஜிட்டல் திட்டத்தில் ஒரு செலவை முதலில் செய்யச் சொன்னால், 1972 முதல் ஒலிபரப்பாகும் ஐரிஷ் மொழி வானொலியான ரேடியோ ந கேல்டாக்டாவின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்க, மூன்று வழக்குகளும் பேசப்படும் டோனகல், கானமரா, கெர்ரி ஆட்களையே சம்பளத்துக்கு அமர்த்தச் சொல்வேன். மூன்று வழிகளில் எது முன்னேறினாலும் அந்த எழுத்துப்படி தேவைப்படும்.