நொய்ச் சோற்றுக்கு 12 வெள்ளி

எங்கள் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவில், செனகலின் டக்கார் துறைமுகத்தில் நான்கு நாள் நின்றது. கப்பல் சமையற்காரரின் கோழிப் பொரியலில் நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு, கரையில் மதியம் சோறு கிடைக்கும் என்று உள்ளூர் முகவர் சொன்னதே அமுதமாக இருந்தது. செனகலை ரொட்டி தின்னும் பிரெஞ்சு நாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கெர்மெல் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், பெயர்ப்பலகை இல்லாத சாப்பாட்டுக் கடை. மூன்று பெஞ்சு, ஒரு பெரிய பானை, நடத்துகிற அம்மா ஒருவர். அன்றைக்கு எது வெந்ததோ அதுதான் சாப்பாடு. நான் போன நாளில் செபு ஜென். வொலோஃப் மொழியில் செப் என்றால் சோறு, ஜென் என்றால் மீன். 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறிய உணவு. விலை 1,500 சீஃபா பிராங்க், நம் மலேசியப் பணத்தில் ஏறக்குறைய 12 வெள்ளி (ரிங்கிட்).

தட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அத்தனையும் நொய்! காய்ச்சல் வந்தால் அம்மா கஞ்சி வைக்கும் அதே நொய். வெளியூர்க்காரன் என்று தலையில் கட்டிவிட்டார்களோ என்று முகவரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து மலிவாக வந்திறங்கிய அரிசியாம். இப்போது செபு ஜென்னுக்கு அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

ஒரு வாய் வைத்ததும் காரணம் தெரிந்தது. தக்காளி விழுதில் மீனும் காயும் வெந்து இறங்கிய சாற்றிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். முழு அரிசியாக இருந்தால் சாறு மேலோடு நின்றுவிடும். நொய் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தரும் நம் நாசி கண்டார் கடையில் ‘குழம்பு நிறைய’ என்று கேட்டுக் கேட்டு வாங்கியே பழகியவன் நான். இங்கே கேட்க வேலையே இல்லை.

மீன், நம் பசாரில் கெராப்பு என்று விற்கிற களவா இனம். தடித்த துண்டில் குழி போட்டு, பார்ஸ்லி, பூண்டு, மிளகாய் சேர்த்து இடித்த விழுதைத் திணித்திருந்தார்கள். விண்டால் வெள்ளைச் சதைக்கு நடுவே பச்சை. அடியில் கருவாட்டு மணம் வேறு. அது கெஜ் என்கிற, புளிக்கவைத்துக் காய வைத்த மீன். தட்டின் ஓரத்தில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒன்று இருந்தது. மீன் குடல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன்.

குறை சொல்ல வேண்டுமென்றால் காய்கள். கேரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய் எல்லாம் குழைந்து ஒரே சுவைக்கு வந்துவிட்டன. மரவள்ளிக்கிழங்கு மட்டும் தப்பியது. எண்ணெயும் கூடுதல். ஆனால் கடைசியில் அந்த அம்மா பானையின் அடியைச் சுரண்டி, காந்தலை ஒரு கரண்டி கொண்டுவந்து வைத்தார். அங்கே அதற்குத் தனிப் பெயர், கோஞ். அதற்காக எண்ணெயை மன்னித்தேன். மறுநாள் இரண்டரை மணிக்குப் போனபோது பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மணிக்குள் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள் கடலோர உணவகம் ஒன்றில் யாசா சாப்பிட்டேன். வெங்காயம், எலுமிச்சை, கடுகு விழுது சேர்த்த கோழி. விலை மூன்று மடங்கு, வெங்காயம் பாதி பச்சை. அதற்கு இவ்வளவு போதும்.

அத்தாயா தேநீர் வேறு கதை. சின்னக் கண்ணாடிக் குவளையில் உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி நுரை எழுப்புகிறார்கள். நம் தே தாரிக்காரர்கள் பார்க்க வேண்டும். மூன்று சுற்று. முதலாவது கசப்பு, போகப் போக இனிப்பு. நான்கு மணிக்கு எனக்குக் கப்பலில் வேலை. இரண்டாம் சுற்றோடு எழுந்து வந்தேன்.

பட்டர்வொர்த் திரும்பியதும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் இரண்டு கிலோ நொய் கேட்டேன். “கோழிக்கா தம்பி, கஞ்சிக்கா?” என்றார் கடைக்காரர். விருந்துக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அம்மா சமைத்தார். ஒரு பிடி தின்றுவிட்டு, “எல்லாம் சரி, இதற்குக் கொஞ்சம் புளி இருந்திருக்க வேண்டுமே” என்றார்.

டக்காரில் அந்தத் தட்டைப் பிடித்த படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் நான் ஒதுக்கியது புளி.